அருவியும் ஆலையும் அணையும்: பாபநாசத்தின் கதை

பாபநாசம் என்றதும் இலக்கிய, இசை ஆர்வலர் பலருக்கு நினைவில் வருவது பாபநாசம் சிவன்தான். அந்தப் பாபநாசம் தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்துக்கு அருகே இருக்கிறது. இக்கட்டுரை பேசுவது தெற்கே, நெல்லைச் சீமையில், பொதிகை மலையடிவாரத்தில் இருக்கும் இன்னொரு பாபநாசத்தைப் பற்றி. 2015இல் வந்த 'பாபநாசம்' திரைப்படத்தின் கதை நடப்பதும் இந்த ஊரில்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே மலையை நோக்கிப் போனால் விக்கிரமசிங்கபுரம் வரும். அதைத் தாண்டியதும் பாபநாசம். இரண்டையும் பிரித்துச் சொல்வது வெளியூர்க்காரர்களுக்குக் கடினம். ஊரின் ஒரு முனையில் பாபநாசநாதர் கோயிலும் படித்துறையும். மேலே அகத்தியர் அருவியும் கல்யாண தீர்த்தமும். அதற்கும் மேலே காட்டுக்குள் அணைகள். கீழே ஒரு பழைய பஞ்சாலை. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் புராணமும் நூற்பாலையும் நீர்மின் நிலையமும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை. அவை அனைத்தையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒன்றே: மலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் தாமிரபரணித் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் யாருக்கு உரியது என்ற கேள்வி, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக வெவ்வேறு வடிவங்களில் இங்கே எழுந்துகொண்டிருக்கிறது. ஊரின் வரலாற்றைச் சொன்னால் அந்தக் கேள்வியின் வரலாற்றையும் சொன்னதாகிவிடும்.

ஆற்றின் இயல்பு

பொருநை என்று பழந்தமிழ் அழைக்கும் தாமிரபரணி நீளமான ஆறு அல்ல. பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் புன்னைக்காயல் அருகே கடலைச் சேரும் வரை அதன் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். ஆனால் தமிழகத்தின் பெரிய ஆறுகளில் இல்லாத சில சிறப்புகள் இதற்கு உண்டு. இது தோன்றுவதும் முடிவதும் தமிழ் மண்ணிலேயே. அண்டை மாநிலத்தின் மதகு திறக்குமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து, மலையின் உச்சிப்பகுதி தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்குகிறது. ஜூன் முதல் ஒரு வரவு, அக்டோபர் முதல் இன்னொரு வரவு. அதனால்தான் இது வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது.

நெல்லைச் சீமையின் இரு போகங்களும் இந்த இரு மழைகளை ஒட்டியே அமைந்தன. ஜூனில் தொடங்குவது கார். வடகிழக்கு மழையோடு தொடங்கித் தை, மாசியில் முடிவது பிசானம். தஞ்சை விவசாயி குறுவை, சம்பா, தாளடி என்று சொல்வதைப்போல நெல்லை விவசாயி கார், பிசானம் என்பார்.

எட்டு அணைக்கட்டுகள்

அணை என்றதும் இன்று நாம் நினைப்பது தண்ணீரைத் தேக்கி வைக்கும் உயர்ந்த சுவரை. நம் முன்னோர் தாமிரபரணியில் கட்டியவை அப்படிப்பட்டவை அல்ல. அவை ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கிடக்கும் கல் அணைக்கட்டுகள். அவற்றின் வேலை தேக்குவதல்ல, திருப்புவது. நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கரையோரக் கால்வாய்க்குள் அனுப்பும். வெள்ளம் வந்தால் தலைக்கு மேலே போகவிடும்.

மலையிலிருந்து இறங்கும் வரிசையில் அவற்றின் பெயர்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருகைக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் கட்டியது. மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம்போல் வளைந்து கிடப்பதால் பொறியாளர்களின் கவனத்தைப் பெற்றது. இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. கோடகன் கால், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் முதலியவை அவற்றுள் சில. கால்வாய்கள் நேரடியாக வயலுக்கும் பாயும், குளங்களையும் நிரப்பும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். இவ்வாறு பாசனம் பெறும் பழைய ஆயக்கட்டு 86,107 ஏக்கர் என்று அரசு ஆவணங்கள் குறிக்கின்றன.

நதியுண்ணி என்ற பெயரைக் கவனியுங்கள். ஆற்றையே உண்பது! மேலே இருப்பவன் வயிறார உண்டால் கீழே இருப்பவனுக்கு என்ன மிஞ்சும் என்ற கவலை அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருப்பதாகத் தோன்றும்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு வாய்வழிக் கதை உண்டு. தீராத நோயுற்ற ஓர் அரசன், எள்ளால் ஒரு பொம்மை செய்து, அதற்குள் மணிகளை நிரப்பி, தன் நோயை அதற்கு மாற்றித் தானமாகக் கொடுக்க முயன்றான். வாங்குபவனை நோய் பிடிக்கும் என்பதால் யாரும் முன்வரவில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் பிரமச்சாரி வாங்க வந்தான். பொம்மை மூன்று விரல்களைக் காட்டியது. மூன்று வேளைச் சந்தியா வந்தனத்தின் பலனைத் தந்தால் அவனை விட்டுவிடுவதாகப் பொருள். அவன் மறுக்க, இரண்டு விரல். பிறகு ஒரு விரல். ஒரு வேளைப் பலனைக் கொடுத்துச் செல்வத்தைப் பெற்றான். ஆனால் நோய்க்கு விலையாக வந்த செல்வம் மனத்தை உறுத்தியது. அகத்தியரைத் தேடிப் பொதிகைக்கு வந்தான். "நீ காணும் பசுவின் பின்னால் போ. அது போகும் வழியெல்லாம் கால்வாய் வெட்டு. அது நீர் விடும் இடத்தில் மடை வை. படுக்கும் இடத்தில் குளம் தோண்டு" என்றாராம் முனிவர்.

கதை கதைதான். ஆனாலும் இதைச் சொன்னவர்களுக்கு நிலம் தெரிந்திருக்கிறது. மேயும் மாடு செங்குத்தாக ஏறுவதோ இறங்குவதோ இல்லை. சரிவின் ஓரமாகவே நடக்கும். கால்வாயும் அப்படித்தான் போக வேண்டும். சரிவு அதிகமானால் கரை அரிக்கும், குறைந்தால் மண் தங்கும். மட்டக்கருவி இல்லாத காலத்து நில அளவைக்கு இதைவிட நல்ல உருவகம் கிடைப்பது அரிது. செல்வம் பாவத்தோடு வந்தால் அதைத் தண்ணீராக்கி ஊருக்குக் கொடுத்துவிடு என்பது கதையின் இன்னொரு செய்தி. பாபநாசம் என்று பெயர் கொண்ட ஊருக்குக் கீழே ஓடும் கால்வாய்க்கு அது பொருத்தமான செய்தியே.

தமிழ் மரபில் இவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சிவஞான மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து, இலக்கணத்திலும் சைவ சித்தாந்தத்திலும் பெரும்புலவராக விளங்கி, 1785இல் மறைந்தவர் அவர். அவர் மறைந்து நூறாண்டு ஆவதற்குள் அவர் பிறந்த ஊரில் நூல் என்ற சொல்லுக்குப் புதிய பொருள் வந்து சேர்ந்தது.

ஆலை வந்த கதை

1880களின் முற்பாதியில், ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பாபநாசத்தில் ஒரு நூற்பாலையை நிறுவினார்கள். திருநெல்வேலி மில்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். மக்கள் வாயில் அது ஹார்வி மில்.

ஏன் இங்கே? பருத்தி விளைவது கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் நிலத்தில். துறைமுகம் இருப்பது தூத்துக்குடியில். இரண்டுமே பாபநாசத்துக்குப் பல காததூரம். நெல்லைக்கு ரயில் வந்தது 1876இல். அங்கிருந்து மேற்கே செங்கோட்டைப் பக்கம் இருப்புப்பாதை வந்ததோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதுவரை அம்பாசமுத்திரம் பகுதிக்குப் பொதியேற்ற மாட்டுவண்டியே கதி. வணிகக் கணக்கில் இது பிழையான இடமாகத் தோன்றும்.

விடை அருவியில் இருந்தது. அன்றைய ஆலைகளை ஓட்டியது நீராவி. நீராவிக்கு நிலக்கரி வேண்டும். தென்னாட்டில் அன்று நிலக்கரி எடுக்கப்படவில்லை. அது கப்பலில் வர வேண்டும், விலையும் அதிகம். ஆனால் உயரத்திலிருந்து விழும் நீர் சும்மா கிடைப்பது. நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 98 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன். சுழலியிலும் பல்சக்கரங்களிலும் ஒரு பகுதி வீணானாலும் மிஞ்சுவது கதிர்களை ஓட்டப் போதும். ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு, மலையடிவாரத்திலேயே அருவி. பருத்தியை வண்டியில் கொண்டுவரும் செலவை நிலக்கரி மிச்சம் ஈடுகட்டிவிடும்.

இந்தச் சிந்தனை ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கிளைட் ஆற்று அருவிகளின் அருகே நியூ லானர்க் ஆலை 1786இலேயே நூல் நூற்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் மாசசூசெட்ஸில் மெர்ரிமாக் ஆற்றங்கரை லோவெல் நகரைப் பார்த்திருக்கலாம். அருவி, கால்வாய், ஆலை என்ற அதே அமைப்புதான். இந்தியாவிலும் கர்நாடகத்தின் கோகாக் அருவியருகே இதே 1880களில் ஒரு நூற்பாலை எழுந்தது. பாபநாசம் அந்த உலகளாவிய வரிசையில் ஒரு கண்ணி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீராற்றலால் ஓடும் ஆலை தண்ணீரைக் குடிப்பதில்லை. விழுவதைப் பயன்படுத்திக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுகிறது. எடுத்துக்கொள்வது உயரத்தை மட்டும். ஆற்றோடு ஆலை கொண்ட உறவில் இது முக்கியமான இயல்பு. பின்னால் வந்த தொழில்கள் எல்லாவற்றையும் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

வாழ்க்கை மாறியது வேறு விதத்தில். அதுவரை இந்த ஊரின் காலக்கணக்கு கார், பிசானம், கோயில் திருவிழா என்று இருந்தது. ஆலையில் நாள் என்பது மணிக்கணக்கு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கூலி. பருவத்துக்குக் கட்டுப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் சங்கொலிக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆனார்கள்.

ஆலைக்கு வெளியே வீசிய காற்று

பாபநாசத்து வெற்றியைத் தொடர்ந்து ஹார்வி குழுமம் 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கியது. அடுத்து மதுரையிலும் ஆலை. மதுரையை அடுத்த ஹார்விபட்டி என்ற குடியிருப்பு இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தூத்துக்குடியில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் முகவர்களாகவும் இதே ஹார்விகள் இருந்தனர். ஆகவே வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது அவர்களோடு மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12இல், வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். கோரல் மில் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினார்கள், இம்முறை கூலிக்காக அல்ல, தலைவரின் கைதை எதிர்த்து. இந்தியத் தொழிலாளர் நடத்திய முதல் அரசியல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகின்றனர்.

இதெல்லாம் நடந்தது தூத்துக்குடியில், பாபநாசத்தில் அல்ல. ஆனால் அருவியின் சும்மா கிடைத்த ஆற்றலில் தொடங்கிய ஒரு வணிகக் குழுமம் முப்பதாண்டுக்குள் ஒரு மாவட்டத்தின் அரசியலையே நிர்ணயிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. அந்த 1908 நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியாகத்தான் 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனுக்குப் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் வ.வே.சு. ஐயர் என்று சொல்லப்படுவதுண்டு.

அருவியில் முடிந்த ஒரு வாழ்வு

அந்த வ.வே.சு. ஐயரின் வாழ்க்கை பாபநாசத்தில் முடிந்தது.

லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகத் திரும்பியவர். 'குளத்தங்கரை அரசமரம்' கதையால் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக அறியப்படுபவர். கம்பனை ஆழ்ந்து ஆய்ந்தவர். 1920களில் பாபநாசத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது பெரும் சர்ச்சையாகி, தமிழக அரசியலின் போக்கையே திருப்பியதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் புயல் அடங்குவதற்குள், 1925 ஜூன் 3ஆம் நாள், மாணவர்களோடும் மகள் சுபத்திராவோடும் பாபநாசத்து அருவிக்கு வந்தார். நீரோட்டத்தைக் கடக்கும்போது மகள் தவறி விழ, காப்பாற்றக் குதித்த தந்தையும் அடித்துச் செல்லப்பட்டார். கல்யாண தீர்த்தத்தின் அருகே அவர் நினைவு இன்றும் போற்றப்படுகிறது.

ஜூன் மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். தென்மேற்கு மழை தொடங்கும் காலம். அன்று மேலே அணை எதுவும் கிடையாது. மலையில் பெய்த மழை அப்படியே அருவியில் இறங்கும்.

மின்சாரம் பிறந்தது

அந்த அருவியின் தலைவிதியை மாற்றியது மின்சாரம். சென்னை மாகாணத்தின் நீர்மின் திட்டங்களில் முதலாவது பைக்காரா, 1932இல் வந்தது. அடுத்து மேட்டூர், 1937. மூன்றாவது பாபநாசம். 1938 வாக்கில் வேலை தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்ட போதிலும் 1944இல் மின் உற்பத்தி தொடங்கியது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. மலைக்குள் காரையாறு பகுதியில் ஆற்றை மறித்து மேலணை. ஊர்க்காரர்கள் காரையாறு அணை என்பார்கள். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. தேங்கும் நீர் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடி, அதாவது 5.5 டி.எம்.சி. மேட்டூரின் 93 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் சின்னஞ்சிறு அணை. ஆனால் இதன் பலம் கொள்ளளவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. மேலணையிலிருந்து வரும் நீரைக் கீழணை பிடித்துக் குழாய்களில் இறக்குகிறது. மலையடிவாரத்து மின்நிலையத்தில் நான்கு சுழலிகள். தொடக்கத்தில் மொத்தம் 28 மெகாவாட். புதுப்பித்த பின் 32. ஹார்வி சகோதரர்கள் கண்ட அதே அருவியின் வீழ்ச்சியைத்தான் அரசு இன்னும் மேலே போய்ப் பிடித்தது. வேறுபாடு, பல்சக்கரம் சுழற்றும் ஆற்றல் ஆலை வாசலோடு நின்றுவிடும். மின்சாரம் கம்பியில் ஏறி ஊர் ஊராகப் போகும். ஆலைகள் அருவியைத் தேடி மலையடிவாரத்துக்கு வர வேண்டிய காரணம் அன்றோடு தீர்ந்தது.

விவசாயிகளுக்கு இது புதிய நிலை. பழைய அணைக்கட்டுகள் ஆறு கொடுத்ததைப் பங்கு போட்டன. புதிய அணை ஆறு எப்போது கொடுக்க வேண்டும் என்பதையே தீர்மானித்தது. மின்நிலையமும் தண்ணீரைக் குடிப்பதில்லைதான். சுழலியைச் சுற்றிவிட்டு ஆற்றில் விட்டுவிடுகிறது. ஆனால் மின்சாரத்துக்கு ஆண்டு முழுவதும் அளவாக நீர் வேண்டும். நாற்றுக்கும் நடவுக்கும் குறித்த வாரத்தில் மொத்தமாக நீர் வேண்டும். ஒன்றுக்குத் தோதானது மற்றதற்குத் தோதாக இருப்பதில்லை. ஜூன் முதல் நாள் கார் சாகுபடிக்கு அணை திறக்குமா என்பது இன்றும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. அணையின் நீர்மட்டத்தை அந்தப் பகுதி விவசாயிகள் நாளிதழில் தினமும் பார்ப்பது, பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் பங்கு விலையைப் பார்ப்பது போன்றது.

விடுதலைக்குப் பின் துணையாறுகளிலும் அணைகள் எழுந்தன. மணிமுத்தாறு அணை 1958இல் நிறைவடைந்தது. இதற்காகப் பாடுபட்டவர்களில் கே.டி. கோசல்ராம் பெயர் தென் மாவட்டத்தில் நினைவுகூரப்படுகிறது. 118 அடி மட்டமுள்ள அந்த அணை, பழைய ஆயக்கட்டுக்கு வெளியே இருந்த வறண்ட நிலங்களுக்கும் தண்ணீர் கொடுத்தது. 1986இல் சேர்வலாறு அணையும் 20 மெகாவாட் மின்நிலையமும் வந்தன. சேர்வலாறும் காரையாறு அணையும் சுரங்க வழியால் இணைக்கப்பட்டுள்ளன.

அணைகளைச் சூழ்ந்த காடு 1962இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயமாகவும், 1988இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். காரையாற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில். ஆடி அமாவாசைக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து தங்குவார்கள். ஆற்றில் வெளிச்சம் போடும் இயந்திரங்கள் வந்த பின்னும் ஐயனார் தம் இடத்தைவிட்டு நகரவில்லை.

ஆலையின் பிற்காலம்

ஹார்விகளின் தனித்தனி ஆலைகள் காலப்போக்கில் மதுரா மில்ஸ் என்ற ஒரே நிறுவனத்தில் இணைந்தன. 1974இல் அது ஸ்காட்லாந்தின் கோட்ஸ் தையல்நூல் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. நாம் லண்டனிலோ டொரொன்டோவிலோ பொத்தான் தைக்க வாங்கும் நூல்கண்டின் குடும்பத்தில் பாபநாசத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது என்று சொல்லலாம். ஆலைக்கு எத்தனை பெயர் மாறினாலும் ஊரின் பெரியவர்கள் இன்னும் ஹார்வி மில் என்றே சொல்கிறார்கள்.

தென்னாட்டின் பல பழைய ஆலைகள் மூடப்பட்டு மனைகளாகவும் கடைத்தொகுதிகளாகவும் மாறிவிட்ட காலத்தில், 1880களில் தொடங்கிய ஒன்றின் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலைத்திருப்பதே குறிப்பிடத்தக்கது. லோவெலிலும் நியூ லானர்க்கிலும் ஆலைகள் அருங்காட்சியகங்களாகிவிட்டன. பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். நியூ லானர்க் 2001 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். நம் ஊரின் ஆலையும் அணைக்கட்டுகளும் அவற்றோடு வைத்துப் பேசத் தக்கவை என்ற எண்ணமே நமக்கு வரவில்லை. கன்னடியன் கால்வாய் அந்தத் தொழிற்சாலைகள் எல்லாவற்றையும்விட மூத்தது. இன்றும் வேலை செய்கிறது. வேலை செய்துகொண்டிருப்பதாலேயே அது வரலாறு என்று நமக்குத் தோன்றவில்லை போலும்.

இன்று

இப்போது ஆற்றின் மேல் மூன்று சுமைகள்.

முதலாவது, தண்ணீரை எடுத்துக்கொண்டு திருப்பித் தராத தொழில்கள். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதை எதிர்த்த வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நீர் எடுக்கும் திட்டத்தையும் கடைமடை விவசாயிகள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். அருவியின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பழைய ஆலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அது அந்நிய முதலாளியின் ஆலை. கூலியில் கடுமை காட்டியதும் உண்மை. ஆனால் நீராற்றலில் ஓடிய மட்டில் அது கடைமடையின் தண்ணீரைக் குடிக்கவில்லை.

இரண்டாவது, பக்தி. பாவம் தீர்க்கும் தீர்த்தம் என்று வரும் மக்கள் பரிகாரமாக உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாபநாசத்துப் படித்துறையில் தன்னார்வலர்கள் டன் கணக்கில் துணிகளை வெளியே எடுத்திருக்கிறார்கள். துணி மக்காமல் பாறையில் சிக்கி, மீன்களுக்கும் குளிப்பவர்களுக்கும் கண்ணியாகிறது. நூல் நூற்கும் ஊரில் ஆற்றை நூலே மூச்சுத்திணற வைப்பது வேதனையான முரண். எள் பொம்மைக் கதையில் வந்த பிரமச்சாரி தன் பாவத்தைத் தண்ணீரில் போடவில்லை, தண்ணீராக மாற்றினான். அந்தக் கதையைச் சொல்லி வளர்ந்த மக்களுக்கு இந்த வேறுபாடு புரியாமல் இருக்காது.

மூன்றாவது, வெள்ளம். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி கரை புரண்டது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நாள் கணக்கில் நின்றது. மேலணைகள் நிரம்பிய பின் வரும் மழையை வைத்துக்கொள்ள இடமில்லை. அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையை அணைகள் தடுக்கவும் முடியாது. வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாய் வழியே சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டு 2025இல்தான் திறந்துவைக்கப்பட்டது. பழங்கதையின் பசு நடந்த கால்வாயே புதிய திட்டத்துக்கும் வாசலாக அமைந்திருப்பது கவனத்துக்குரியது.

தொகுத்துப் பார்த்தால் பாபநாசத்தில் தண்ணீர் நான்கு விதமாகப் பயன்பட்டிருக்கிறது. அணைக்கட்டு அதைப் பங்கிட்டது. ஆலை அதன் வீழ்ச்சியை வாங்கிக்கொண்டது. மேலணை அதன் காலத்தை மாற்றியது. குழாய் அதை எடுத்துப் போகிறது. முதல் மூன்றிலும் தண்ணீர் ஆற்றோடோ வயலோடோ இருந்தது. நான்காவதில் இல்லை. ஒரு புதிய திட்டம் வரும்போது, தண்ணீர் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்பதோடு எவ்வளவு, எங்கே, எப்போது திரும்ப விடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதே இந்தச் சிறிய ஊரின் வரலாறு சொல்லும் பாடம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும் வாசகர்கள் குற்றாலத்தோடு திரும்பிவிடாமல் ஒரு நாள் பாபநாசம் வரை போய் வரலாம். அருவியில் குளித்து, ஐயர் மறைந்த இடத்தில் சற்று நின்று, திரும்பும் வழியில் கோடைமேலழகியான் அணைக்கட்டையும் பாருங்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்வாகக் கிடக்கும் ஒரு கல்வரிசை, அதன் மேல் வழியும் நீர், ஓரத்தில் பிரியும் ஒரு வாய்க்கால். குளித்த துணியை மட்டும் மறக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.